பேறுகாலத் துணை: வேலூரிலிருந்து கோலா தெர்லாவுக்கு

கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கிறது கோலா தெர்லா. தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பயிர்க்கொட்டகைகளும் அடுத்தடுத்து நிற்கும் மலைப்பாதை ஊர். இங்கே ஒரு தோட்டத்துப் பெண் கருவுற்றால், மலேசிய அரசின் தாய் சேய் நலச் சேவை அவளுக்குப் பரிசோதனைப் புத்தகம் ஒன்றைத் தருகிறது. ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் நிறக்குறி ஒட்டப்படும். சிக்கல் கூடினால் தானா ராத்தா மருத்துவமனை, அதற்கும் மேலென்றால் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ. நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 282 தாய்மார் இறந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 30க்கும் கீழே வந்துவிட்டது. அப்படியானால் சமயத்தின் பெயரால் கர்ப்பிணிகளுக்குத் துணைநிற்கும் பணிக்கு இந்த மலையில் இன்னும் இடம் உண்டா? உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆனால் அந்த இடம் பிரசவ அறையில் இல்லை. அரசும் ஊரும் எட்டாத இடைவெளி ஒன்றைச் சரியாக அடையாளம் கண்டு, அதை நிரப்பும் திறனை உள்ளூர்ப் பெண்களிடம் ஒப்படைத்தபோதுதான் இத்தகைய பணிகள் தமிழர் நடுவே வளர்ந்தன. இடைவெளி நகர்ந்தால் பணியும் நகர வேண்டும். தோட்டப்புறத்தில் அது இன்று பதிவேட்டிலும் ஊர்ப்பேச்சிலும் போய் நிற்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்றாக நிற்பது வேலூரின் மிஷன் மருத்துவமனை. அதைத் தொடங்கிய அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடரின் பெயரோடு அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த அளவுக்கு ஆராயப்பட்டதில்லை. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1820ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கி, பிற்பாடு சென்னைக்கு வந்தவர். தந்தையும் மருத்துவர். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஐடாவை, ஒரே இரவில் மூன்று ஆடவர் தனித்தனியே தேடி வந்தார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தார்கள். மருத்துவர் தந்தைதான் என்று ஐடா சொன்னபோது, அந்நிய ஆடவர் கைபட மனைவியை விடமுடியாது என்று மூவரும் திரும்பிப்போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பித் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள நினைத்திருந்த ஐடா மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று 1900இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையை ஓர் ஆன்மிக அழைப்பாக மட்டும் படிப்பது வழக்கம். அதைச் சான்றாகவும் படிக்கலாம். பேறுகால மரணங்களுக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகக் காட்டி செரீன் தாடியஸ், டெபோரா மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உதவி நாடவேண்டும் என்று முடிவெடுப்பதில் முதல் தாமதம், மருத்துவமனை போய்ச்சேர்வதில் இரண்டாவது, போய்ச்சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. திண்டிவனத்து மூன்று வீடுகளிலும் கணவர் இரவோடிரவாக உதவி தேடிப் புறப்பட்டிருந்தார். மருத்துவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார். ஆனாலும் வீட்டார் ஏற்கக்கூடிய மருத்துவர் ஒருவர் இல்லை. பெண் மருத்துவர் தேவை என்பது அப்போது புதிய கண்டுபிடிப்பும் அன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த முதல் அணியில் படித்த மேரி ஷார்லீப் முன்னின்று 1885இல் பர்தா முறைப் பெண்களுக்கான கோஷா மருத்துவமனை தொடங்கப்பட்டது. இலங்கையில் அமெரிக்க மிஷன் சார்பில் மேரி, மார்கரெட் லீச் சகோதரியர் பணம் திரட்ட, 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. பெருநகரத்தில் தெரிந்துவிட்ட தேவை வட ஆர்க்காட்டுக் கிராமங்களை எட்டாமல் கிடந்தது. ஐடா கண்டது அந்த எட்டாத தூரத்தை.

அதன்பின் நடந்த வளர்ச்சியை ஆண்டுவாரியாகப் பார்த்தால் அந்த இரவின் உருக்கம் பின்னுக்குப் போய், ஒரு செயல்முறை முன்னுக்கு வருகிறது. முதலில் பங்களாவின் ஓர் அறையில் மருந்தகம். 1902இல் நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. அடுத்தது, நோயாளி வரட்டும் என்று காத்திராமல் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த சாலையோர மருத்துவம். மாட்டுவண்டியில் போனவர் பின்னால் ஒரு பெஜோ காரில் போனார். 1909இல் செவிலியர் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. சென்னை மாகாணத்தின் மருத்துவத்துறைத் தலைவர், ஒரு சில பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்று நினைத்த இடத்தில் 151 விண்ணப்பங்கள் வந்தன. சேர்க்கப்பட்டவர்கள் 17 பேர்; 1922இல் தேறி வெளியேறியவர்கள் 14 பேர். ஷெல் மருத்துவமனையின் 40 படுக்கைகள் அமெரிக்காவிலிருந்து வந்த கொடை. இந்த 14 பேரோ இந்த மண்ணின் பெண்கள். ஆளுக்கு ஓர் ஊர் போய், ஆயுள் முழுக்கப் பேறு பார்க்கக்கூடியவர்கள். ஓர் ஊழியத்தின் வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டால், இந்த இரண்டாவது எண்ணைக் கொண்டே அளப்பேன்.

வளர்ச்சிக்குள் ஒரு நெருக்கடியும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1930களின் பிற்பகுதியில் மருத்துவக் கல்வியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தவேண்டும் என்று மாகாண அரசு விதித்தபோது, வேலூரிடம் அதற்கான ஆசிரியர்களும் இல்லை, பணமும் இல்லை. பல மிஷன்கள் கைகோக்கும் கூட்டு நிறுவனமாக விரிந்து, ஆடவரையும் சேர்த்துக்கொள்வதுதான் வழி என்று ஐடா இறங்கிவந்தார். பெண்களுக்காகப் பெண்கள் திரட்டிய பணம் இது என்று அமெரிக்காவில் அவருக்குப் பெருந்துணையாக இருந்த லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது, 1947இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். இதய அறுவையும் சிறுநீரக மாற்றும் தொழுநோயாளிகளுக்கான மறுசீரமைப்பு அறுவையும் வேலூரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோயின. பீபாடியின் அச்சம் வீண் அச்சமாக எனக்குத் தோன்றவில்லை. பேறுகாலப் பெண்ணுக்காகப் பிறந்த நிறுவனம் பெரிய மருத்துவமனையாக வளரும்போது, அந்தப் பெண் அதன் மையத்திலிருந்து ஓரத்துக்கு நகரும் ஆபத்து எப்போதும் உண்டு. அந்த ஆபத்தை உணர்ந்ததாலோ என்னவோ, வேலூர் மறுபடி வெளியே இறங்கியது. 1977இல் கே.வி. குப்பத்தில் ஊரக மருத்துவ, சமூகப் பணிப் பிரிவு தொடங்கியது. சமூகநலத் திட்டங்களில் அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. சாலையோர மரத்தடியின் நேரடி வாரிசு இந்தப் பணியாளர்தான்.

ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மிஷன் மருத்துவம் ஊர் மருத்துவச்சியை அறியாமையின் உருவமாகவே பெரும்பாலும் சித்திரித்தது. அவர் கையாண்ட முறைகளில் உயிரைப் பறித்தவை இருந்தன என்பது உண்மை. அதே மருத்துவச்சிதான் நடுநிசியில் கதவு திறந்த ஒரே பெண், பிரசவித்தவளைப் பத்து நாள் விடாமல் பார்த்துக்கொண்டவள் என்பதும் உண்மை. மலாயாவில் வேறு வழி எடுத்தார்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட கிராமப்புறச் சுகாதாரச் சேவை, பயிற்சி பெற்ற மருத்துவத்தாதியரைக் கிராமத்திலேயே குடியமர்த்தியது. ‘பிடான்’ என்று மலாய்க்காரர் அழைக்கும் ஊர் மருத்துவச்சியரை விரட்டாமல் பதிவுசெய்து, சுத்தமான முறைகளைக் கற்பித்து, ஆபத்துக் குறி தெரிந்தால் அனுப்பிவைக்கும் கூட்டாளிகளாக ஆக்கியது. மலேசியாவும் இலங்கையும் தாய் மரணத்தை எப்படிக் குறைத்தன என்று இந்திரா பத்மநாதனும் உடனாய்வாளர்களும் எழுதி உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வெற்றியின் மையத்தில் வீட்டருகே வாழ்ந்த தாதியையும் கட்டணமில்லாத சேவையையும் வைக்கிறது. வேலூர் 14 பேரை வைத்துத் தொடங்கியதை ஓர் அரசு நாடு முழுக்கச் செய்துகாட்டியது.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. அரசு செய்யவேண்டியதைச் சமயப் பணி செய்யும்போது அரசு தன் கடமையிலிருந்து நழுவ வழி பிறக்கிறது என்பார்கள். தோட்ட வரலாற்றில் இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்ட முதலாளிக்குப் பள்ளி, மருத்துவம், பேறுகால உதவி ஆகிய பொறுப்புகளைச் சுமத்தியது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் மருந்து தரும் டிரெஸ்ஸரும் தோட்டத்தில் நிலைத்தது யாருடைய தருமத்தாலும் இல்லை, சட்டத்தின் கட்டாயத்தால். இன்றும் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக 2023 ஜனவரியில் உயர்ந்தது வேலைச் சட்டத் திருத்தத்தினால்தான். எந்த ஆலயமும் சபையும் அதைக் கொடுத்திருக்க முடியாது. ஆகவே அரசின் இடத்தை நிரப்ப முயலும் சமயப் பணி தவறான வேலையைச் செய்கிறது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சட்டம் எல்லோரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. எங்கே தொடவில்லை என்று தேடும்போது வேறொரு படம் கிடைக்கிறது.

கேமரன் மலையின் தேயிலை வரலாறு 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தோடு பெரிதாகத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில்தான் இந்தச் சரிவுகள் பச்சையாயின. இன்று கொழுந்து பறிப்பவர்களிலும் காய்கறி மூட்டை சுமப்பவர்களிலும் பெரும்பகுதியினர் வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர், மியன்மார் நாட்டவர். வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கட்டாய மருத்துவச் சோதனையில் கர்ப்பச் சோதனையும் அடங்கும். கருவுற்றிருந்தால் அனுமதி ரத்தாகித் திருப்பி அனுப்பப்படுவாள். ஆவணமில்லாதவள் அரசு மருத்துவமனைக்குப் போனால், 2001ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையின்படி ஊழியர்கள் அவளைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். குடிமக்கள் அல்லாதாருக்கு மருத்துவமனைக் கட்டணமும் பல மடங்கு. திண்டிவனத்தில் தடை சாதி, பர்தா வழக்கத்தால் வந்தது. இங்கே தாடியஸும் மேனும் சொன்ன முதல் தாமதம் பயத்தால் வருகிறது. இரண்டிலும் மருத்துவர் அருகில் இருந்தும் பெண் வீட்டுக்குள்ளேயே வலியில் கிடக்கிறாள்.

தமிழ்ப் பெண்ணின் நிலை வேறு. அவளுக்கு மருத்துவம் உண்டு. சிக்கல் அவள் பெறும் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும்போது தொடங்குகிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தபின், கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படியான திருமணத்துக்குப் போதவில்லை. பதிவு செய்யாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை, தேசியப் பதிவுத் துறையின் கண்ணில் மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டாலொழிய தகப்பன் பெயர் ஏறாது. இன்னும் ஒரு படி மேலே: மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயின் குடியுரிமைதான். தகப்பன் மலேசியராக இருந்தாலும், தாய் வெளிநாட்டவராகவோ, அடையாள அட்டையே இல்லாதவராகவோ இருந்தால், அந்தக் குழந்தை நாடற்றதாகிவிடக்கூடும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் இப்படித்தான் ஆவணமில்லாக் குடும்பங்கள் உருவாகின. 2011இல் இந்தியச் சமூகத்தின் ஆவணமில்லாதவர்களைப் பதிவுசெய்ய அரசே ‘மைடஃப்தார்’ இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது, பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று. கருவுற்ற பெண்ணின் ஒன்பது மாதம் இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சரியான காலம். திருமணத்தை முறைப்படி பதியலாம், தாயின் விடுபட்ட ஆவணத்தைத் தேடலாம். பிறந்தபின் எல்லாம் தாமதப் பதிவு, விசாரணை, அலைச்சல்.

கோயிலும் சபையும் இதில் பார்வையாளர்கள் அல்லர். அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டுத் தலப் பொறுப்பாளர்களை உதவிப் பதிவதிகாரிகளாக நியமிக்க இடம் தருகிறது. தாலி கட்டும் அதே மண்டபத்தில் சட்டப்பதிவும் நடக்கலாம். வேலூர் பெண் மருத்துவர்களை உருவாக்கியது போல, தோட்டப்புறத்துச் சமயப் பணி உருவாக்கவேண்டியது படிவம் நிரப்பத் தெரிந்த, பதிவு அலுவலகத்தில் மலாயில் தயங்காமல் பேசத் தெரிந்த, லயத்து வரிசை வீட்டுக் கதவைத் தட்டி அக்கா என்று கூப்பிட்டு உட்காரக்கூடிய பெண்களை. இந்துக் கோயில் மகளிர் குழுவோ தமிழ் மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கச் சபையோ, யார் செய்தாலும் இந்த வேலைக்குக் கட்டடம் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு மதமாற்றம் பற்றியது. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஐடாவோடு வேலூருக்கு வந்த ஆனி ஹான்காக் மருத்துவர் அல்லர். வீடுவீடாகப் பெண்களைச் சந்தித்து வேதம் சொல்ல வந்தவர். மருந்தகத்தில் வேத வாசிப்பும் இருந்தது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கு மறுத்துப்பேசும் நிலை இல்லை. அந்த நேரத்தில் வைக்கப்படும் எந்தச் சமய அழைப்பும் நியாயமானதாக இருக்க முடியாது. அதே சமயம், வேலூர்ப் படுக்கைகளில் ஒரு நூற்றாண்டாகப் பெருவாரியாகக் கிடந்தவர்கள் இந்துக்களும் முஸ்லிம்களும். குணமாகி வீடு திரும்பியபோதும் அவர்கள் இந்துக்களாகவும் முஸ்லிம்களாகவுமே திரும்பினார்கள். உதவியை நம்பிக்கையோடு முடிச்சுப்போடாததால்தான் அங்கே எல்லோரும் வந்தார்கள், வந்ததால்தான் அது வளர்ந்தது. சமயம் அங்கே உழைப்பவரின் உந்துசக்தியாக இருந்தது; நோயாளியிடம் வாங்கும் கட்டணமாக இருக்கவில்லை. மலேசியாவில் இந்த எல்லைக்கோடு இன்னும் கறாராக வேண்டும். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்த அரசமைப்பே மாநிலங்களுக்கு இடம் தருகிறது. இந்தோனேசிய, வங்காளதேசப் பெண்களுக்கு உதவ முன்வரும் ஒரு தமிழ்ச் சபையோ கோயிலோ, சமயப் பேச்சைக் கதவுக்கு வெளியிலேயே விட்டு வந்தாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு மிகக் கூர்மையானது, பெண்ணியர்கள் எழுப்புவது. மணமாகாத கர்ப்பிணிகளுக்கு அடைக்கலம் தரும் சமய இல்லங்கள் அவளைக் காப்பதாகச் சொல்லி ஒளித்துவைக்கின்றன, அவள் முன் உள்ள வழிகளில் ஒன்றை மட்டுமே காட்டுகின்றன என்கிறார்கள். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, 1989இல் திருத்தப்பட்டபின், கர்ப்பத்தைத் தொடர்வது தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கேடு என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பலருக்கு இது தெரியாது. கருக்கலைப்பைப் பாவமாகக் கருதும் இல்லம் அதைச் செய்துவைக்கக் கடமைப்பட்டதன்று. ஆனால் சட்டம் இப்படி இருக்கிறது என்பதை மறைப்பதும், தவறான மருத்துவத் தகவல் தந்து பயமுறுத்துவதும் வஞ்சகம். நாங்கள் இதைச் செய்யோம், செய்பவர் அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்வதுதான் நேர்மை. மறுபக்கம், அடைக்கலமே வேண்டாம் என்று வாதிடுவோர் கைவிடப்பட்ட சிசுக்களை எண்ணிப்பார்க்க வேண்டும். பிறந்த சிசுக்கள் குப்பைத்தொட்டியிலும் கழிப்பறையிலும் கிடைத்த செய்திகள் தொடர்ந்ததால்தான் 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அமைப்பு, குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லும் முதல் சிசுப் பேழையை நிறுவியது. மணமாகாத இளம்பெண்களுக்காக 1998இலேயே ரவ்தாத்துஸ் ஸகீனா இல்லத்தைத் தொடங்கியது ஓர் இஸ்லாமிய மகளிர் அமைப்பு. கிறிஸ்தவருக்கு மட்டுமான அக்கறை அன்று இது. அடிப்படையில் ஒரே இடைவெளியை வெவ்வேறு நம்பிக்கையினர் கண்டிருக்கிறார்கள்.

தோட்டத்தில் இந்த இடைவெளி நகரத்தைவிட அகலமானது. லயத்தில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவரும். மணமாகாத பெண் சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அவள் தாயை அறிந்தவர்கள். இலவசப் பரிசோதனை இருந்தும் ஏழாம் மாதம் வரை அவள் போகாததற்கு இது போதும். இங்கே துணை என்பது, தானா ராத்தாவுக்கோ ஈப்போவுக்கோ அவளோடு பேருந்தில் போய்வர ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு வாய்க்கட்டுப்பாடு மிக அவசியம். சபையின் ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிப்பதும், கோயில் மகளிர் குழுவில் பரிதாபப்பட்டுப் பேசுவதும் துணை செய்யப்போன இடத்திலேயே அவளைக் காட்டிக்கொடுப்பதாகும். இந்த ஒழுக்கத்தைப் பயிற்சியின் முதல் பாடமாக வைக்காத எந்தக் குழுவும் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் இருக்கிறது. பிரசவித்தவள் பத்தியத்தில் படுத்திருக்கும் காலம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கணவன் வெளிக்காட்டு வேலைக்குப் போய்விடுவான்; அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும்; போனாலும் திருமணப் பதிவு இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி போகமாட்டான். கோலா தெர்லா போன்ற ஊரில் ஒரு கோயிலோ சபையோ இரண்டு பெண்களைத் தேர்ந்து, பதிவு விதிகளைக் கற்பித்து, கர்ப்பம் தெரிந்த மாதத்திலிருந்து இந்த 60ஆம் நாள் வரை ஒவ்வொரு குடும்பத்தோடும் நடக்கவைத்தால், பத்தாண்டில் அந்த ஊரில் ஆவணமில்லாமல் பள்ளி வாசலில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகள் பெருமளவு குறைவார்கள். அதற்கு ஆகும் செலவு இரண்டு பேரின் பேருந்துக் கட்டணமும், அவர்கள் இழக்கும் கூலிக்கு ஈடும்தான்.